தேர்க்கொட்டகையில் கிடந்த ரம்பம்

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள்கள் இருக்கையில் அந்த மரம் விழுந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் மழையில் ஓர் இரவு. எந்த நேரத்தில் விழுந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குச் சிறிது தொலைவிலுள்ள எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரையொட்டி நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, வாயிற்கதவிலிருந்து நடுச்சிலுவைக்குச் செல்லும் பாதையை முழுவதுமாக மறித்துக்கொண்டு கிடந்தது. மூன்று கல்லறைகள் கிளைகளுக்கடியில் மறைந்திருந்தன. ஜே.சி.பி. வண்டியை உள்ளே கொண்டுவந்தால் மரம் நகரும். அதனுடன் முப்பது கல்லறைகளும் நொறுங்கும். ரம்பம் வைத்திருக்கும் வெளியூர் ஆள்கள் 8,000 ரூபாயும் மரமும் கேட்டார்கள். அதுவும் அடுத்த வாரந்தான் வர முடியும் என்றார்கள்.

"நம்மிடமே ஒன்று இருக்கிறதாமே?" என்று பங்குத் தந்தை கேட்டார். அவர் எங்கள் பங்கிற்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. யாரிடமிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருந்தது. தேர்க்கொட்டகையில், சம்மனசுச் சுரூபங்களை ஏற்றும் சிறிய சப்பரத்திற்குப் பின்னால், யூரியா சாக்கொன்றில் சுற்றப்பட்டு ஆறாண்டுகளாகக் கிடந்தது.

அது அங்கே போன கதையைச் சொல்லாமல் அதை வெளியே எடுத்த கதையைச் சொல்ல முடியாது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னைகளை என்ன செய்ததென்று இந்த மாவட்டத்தார்க்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா வைத்த மரம், தகப்பன் வைத்த மரம், மகன் பிறந்தபோது வைத்த மரம் என்று எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. அரிவாளும் கோடரியுமாக எத்தனை மரத்தை வெட்டுவது? எங்கள் அன்பியத்தார் வீட்டுக்கு வீடு போய் 14,000 ரூபாய் சேர்த்தோம். திருச்சியிலிருந்து 11,000 ரூபாய்க்கு ஒரு சங்கிலி ரம்பம் வாங்கினோம். 58 சி.சி. என்ஜின், 22 அங்குல அலகு. ஊரில் எல்லாரும் அதனை 'மிஷின்' என்றே சொன்னார்கள்.

அதனை இயக்கத் தெரிந்தவர் எங்களுள் ஒருவரே. கிணறுகளில் ஆயில் என்ஜின்கள் ஓடிய காலத்தில் அவற்றைப் பழுதுபார்த்தவர் என்பதால் ஊரார் அவரை 'என்ஜின் அண்ணன்' என்றே அழைப்பார்கள். அவரும் அந்த மிஷினுமாக ஏறக்குறைய இருபது நாள்கள் உழைத்தார்கள். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. வேறு காப்பு எதுவும் இல்லை. அதனைப் புகழ்ந்து எழுதுவது தவறு. ஆயினும் அன்று நடந்தது அப்படித்தான். சாலைகள் திறந்தன. மாதா தெருவில் ஒவ்வொரு கூரைமேலும் கிடந்த மரங்கள் இறங்கின. எந்தச் சமயத்தார் வீடு என்று அவர் பார்க்கவில்லை.

பிறகு நிவாரணம் வந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய் என அரசு அறிவித்திருந்தது. வெட்டுக்கூலி என்றொரு தொகை தாளில் ஏறியதும், அதுவரை இலவசமாக நடந்த வேலைக்கு ஒரு விலை பிறந்துவிட்டது. பக்கத்து ஊர்த் தோப்பொன்றில் பதினான்கு மரங்களை அறுத்து, மரத்துக்கு 500 ரூபாய் வீதம் என்ஜின் அண்ணன் 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டார் என்ற செய்தி எங்கள் காதுக்கு எட்டியது. அன்பியத்தின் மிஷின், அவருடைய சட்டைப்பையில் பணம். டிசம்பர் மாதக் கூட்டத்தில், செபமாலை முடிந்த கையோடு, எங்களுள் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டவரைத் தடுக்கவுமில்லை. எங்கள் பங்கு அதுதான்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய், மறுநாள் காலையில் மிஷினைத் தேர்க்கொட்டகையில் வைத்துவிட்டுச் சாவியை வேதியரிடம் கொடுத்தார். அதன்பிறகு அன்பியக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருவார்; கடைசித் தூணருகே நிற்பார்; இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுவார். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, அவருடைய மனைவியார் இறைவனடி சேர்ந்தார். ஊரடங்கு நாள்கள். அடக்கத்துக்குச் சிலரே போகலாம் என்றிருந்தது. நாங்கள் போகவில்லை. ஊரடங்கு ஒரு காரணம், ஒரு சாக்கும்கூட. பீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை அந்த ஆண்டுகளில் எத்தனையோ முறை அன்பியத்தில் வாசித்துப் பகிர்ந்திருக்கிறோம். பாயில் ஓரிடம் காலியாக இருந்ததைப் பற்றி ஒருவரும் பகிர்ந்ததில்லை.

சாக்கை அவிழ்த்தபோது முதலில் வந்தது வாடை. பெட்ரோல் வாடையன்று, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோன்ற ஒரு புளித்த நெடி. சங்கிலி துருப்பிடித்து, கணுக்கணுவாக விறைத்துப்போயிருந்தது. புகைபோக்கியின் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. காற்று வடிகட்டியில் எலி தன் பல்லைச் சோதித்திருந்தது. பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்க இடுக்கி தேவைப்பட்டது. உள்ளே அடியில் தேன்போல் ஏதோ பழுப்பாக உறைந்து கிடந்தது.

எங்களுள் இளையவர் பாலிடெக்னிக் படித்தவர். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. காலால் மிதித்துக்கொண்டு மீண்டும் இழுத்தார். மூன்றாம் முறை கயிறு கையோடு வந்துவிட்டது. கயிற்றை மாற்றினோம். புகைபோக்கியைச் சுரண்டினோம். தொட்டியைக் கழுவிப் புதிய பெட்ரோலை ஊற்றினோம். உள்ளேயிருந்த குழாய் எங்கள் விரல் பட்டதும் காய்ந்த முருங்கைக்காய்த் தோலைப்போல் முறிந்தது. ஊற்றிய பெட்ரோல் சிமெண்டுத் தரையில் ஓடியது. அன்றிரவு ஒன்பது மணிக்கு நால்வரும் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தோம்.

அப்போதுதான் சாக்கின் அடியிலிருந்த பிஸ்கட் டின்னை ஒருவர் திறந்தார். உள்ளே சங்கிலிகள் இருந்தன. பழைய சங்கிலிகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிரித்து எண்ணினோம், ஏழு. சங்கிலி ரம்பத்தின் ஒவ்வொரு பல்லின்மேலும் ஒரு மெல்லிய கோடு உண்டு. அரம் கொண்டு தீட்டத்தீட்டப் பல் குறையும். அந்தக் கோட்டைத் தொட்டதும் சங்கிலியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இந்த ஏழிலும் கோடே இல்லை. கோட்டையும் தாண்டித் தீட்டியிருந்தார். பலவற்றில் பல் என்று சொல்லத்தக்கதாகச் சிறு முளைதான் மிஞ்சியிருந்தது. தென்னை நார்மரம், பலகை அறுக்கிற மரத்தைப்போல் அது ரம்பத்துக்கு இணங்கிவராது. அதிலும் புயலில் மணலும் சேறும் ஏறிய மரம் அரை நாளில் ஒரு சங்கிலியை மழுக்கிவிடும்.

நாங்கள் பேசாமல் இருந்தோம். பிறகு எங்களுள் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒரு தாளை எடுத்தார். மிஷின் வாங்கியது போக அன்று அவர் கையில் நாங்கள் கொடுத்தது 3,000 ரூபாய். இருபது நாள்; நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாது; அறுபது லிட்டர். அப்போது லிட்டர் 80 ரூபாயையொட்டி விற்றது, ஆகவே 4,800. லிட்டருக்கு நாற்பது மில்லி வீதம் கலக்க வேண்டிய டூ டி ஆயில் ஏறக்குறைய 700. சங்கிலி ஒன்று 600 ரூபாய் என்றால் ஏழுக்கு 4,200. மொத்தம் 9,700. நாங்கள் கொடுத்த 3,000, தோப்புக்காரர் கொடுத்த 7,000, ஆக 10,000. அந்த இருபது நாளும் அவருக்குக் கூலி என்று ஒன்றும் இல்லை என்பதைத் தாளில் எழுதவேண்டியிருக்கவில்லை. மூவாயிரம் ரூபாயில் எத்தனை நாள் ஓடும் என்று 2018இல் நாங்கள் ஒரு முறைகூடக் கணக்குப் போட்டதில்லை. டின்னைத் திறந்து பார்த்ததும் இல்லை.

மறுநாள் காலையில் மிஷினைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வழியில் என்ன பேசுவது என்று எங்களுக்குள் நீண்ட ஆலோசனை நடந்தது. போய்ச் சேர்ந்தபோது அதில் ஒரு சொல்லும் நினைவில்லை. அவர் வாசலில் ஒரு மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

"டின்னைத் திறந்து பார்த்தோம், அண்ணே" என்றார் எங்களுள் ஒருவர். அன்று கூட்டத்தில் கேட்டவர் அவர்தான்.

"எண்ணினீங்களா?"

"எண்ணினோம். ஏழு."

"எட்டு" என்றார் அவர். "ஒன்று மல்லிப்பட்டினம் ரோட்டில் அறுந்து வாய்க்காலில் போச்சு."

ஆசிரியரின் தாளில் மிஞ்சியிருந்த 300 ரூபாய் அந்த ஒரு சொல்லில் தலைகீழாகி, நாங்கள் அவருக்குத் தரவேண்டிய கடனாயிற்று. "தப்புப் பண்ணிட்டோம், அண்ணே" என்பதைச் சொன்னவர் ஒருவர். ஆனால் நால்வரின் வாயும் அசைந்தது. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாக்கை அவிழ்த்தார். தொட்டியை முகர்ந்து பார்த்தார். வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"வடிச்சுட்டு வெச்சிருக்கணும்" என்றார். "டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீர்ற வரைக்கும் ஓட்டி அணைக்கணும். எனக்குத் தெரியாததா? கோபத்துல அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். மிஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

அதன்பின் நடந்ததை நாங்கள் சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள்க. அன்றைய பொழுதில் நாங்கள் கற்றுக்கொண்டது மிகுதி.

முதலில் அவர் கேட்டது, கயிற்றை இழுத்தீர்களா என்பது. இழுத்து அறுத்துவிட்டோம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். நெடுநாள் கிடந்த என்ஜினில் பிஸ்டன் வளையம் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனை இழுத்துப் பிடுங்கக் கூடாது. பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளைவழியே சில சொட்டு ஆயில் விட்டார். "இது ஊறட்டும்" என்று ஓரமாக வைத்துவிட்டுக் கார்புரேட்டரைப் பிரித்தார். ரம்பத்தின் கார்புரேட்டரில் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற மிதவை கிடையாது. மிதவை இருந்தால் மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தோ தலைகீழாகவோ பிடிக்க முடியாது. அதற்குப் பதிலாக நாலணா அகலத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு தாளம்போல் துடித்தால்தான் பெட்ரோல் இறங்கும். எங்களுடையது அப்பளம்போல் விறைத்திருந்தது. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் முழுவதும் போவதில்லை. பிசின்போல் ஒரு படிவை விட்டுச்செல்கிறது. ஊசி நுழையாத அந்தச் சிறு துளைகளில் அது அடைத்துக்கொள்கிறது. மின்கம்பியிலிருந்து ஒரேயொரு செம்பு இழையைப் பிரித்தெடுத்து, அவர் ஒவ்வொரு துளையாகக் குத்தி ஊதினார். அறுபத்தெட்டு வயதில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த வேலையைச் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இளையவர் பட்டுக்கோட்டைக்குப் போய்ப் புதிய சவ்வு, குழாய், பிளக், காற்று வடிகட்டி ஆகியவற்றை வாங்கிவந்தார். வந்ததும் பாராட்டுப் பெறலாம் என்று நினைத்து, முந்தின நாள் நாங்கள் புதுப் பெட்ரோல் ஊற்றியதைச் சொன்னார்.

"ஆயில் எவ்வளவு கலந்தே, தம்பி?"

தம்பி விழித்தார். இந்த வகை என்ஜினுக்குத் தனியே ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. வெறும் பெட்ரோலில் ஓடியிருந்தால் சிறிது நேரத்தில் பிஸ்டன் கடித்து நின்றிருக்கும். குழாய் முறிந்தது எங்கள் நல்லூழ். இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகையால் கலந்ததை மாதக்கணக்கில் வைக்காமல் தேவைக்கு மட்டும் கலக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு லிட்டர் அளந்தார். நாற்பது மில்லி விட்டுக் குலுக்கினார்.

துருப்பிடித்த சங்கிலியை டீசலில் ஊறப்போட்டோம். மறுநாள் அதனைத் துடைத்து, உருட்டு அரத்தால் பல்லுக்கு மூன்று இழுப்பு என்று தீட்டும் வேலையை எங்களிடமே விட்டார். ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்த பிறகுதான் மறுபக்கம். ஒரு பல்லுக்கு மூன்று, மறுபல்லுக்கு ஐந்து என்று தீட்டினால் ரம்பம் நேராக ஓடாது, கோணிக்கொண்டு போகும். பன்னிரண்டாம் பல்லில் எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

மாலையில் பிளக்கை என்ஜின் உலோகத்தோடு ஒட்டிப்பிடித்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். அந்தி இருட்டில் நீலப் பொறி தெரிந்தது. பிளக்கை மாட்டி, மிஷினைத் தரையில் வைத்து, சங்கிலியின் பிரேக்கைப் போட்டு, பின்பிடிக்குள் பாதத்தை நுழைத்து, சோக்கை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். நாலாம் இழுப்பில் ஒரு தும்மல். சோக்கைத் திறந்தார். அடுத்த இழுப்பில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஏழாவதில் வெண்புகை கக்கிக்கொண்டு அது அலறியது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்தார்கள். அவர் அலகின் நுனியை ஒரு பழைய தாளுக்கு நேரே பிடித்தார். தாளில் ஆயில் கோடாகத் தெறித்தது. சங்கிலிக்கு ஆயில் போகிறது என்பதற்கு அதுவே சான்று.

திருநாளுக்கு மூன்று நாள் முன்பாகக் கல்லறைத் தோட்டத்தில் வேலை தொடங்கியது. இம்முறை இளையவர் தம் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை வற்புறுத்தி அவர் தலையில் மாட்டினார். சாய்ந்து கிடக்கும் மரத்தை அறுப்பது நிற்கும் மரத்தை வீழ்த்துவதைவிட ஆபத்தானது. இரு முனையும் தாங்கி நடுவே தொங்கும் தண்டில் மேற்புறம் நெருக்குண்டிருக்கும்; அடிப்புறம் இழுபட்டிருக்கும். மேலிருந்து முழுவதும் அறுத்தால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே மேலே மூன்றிலொரு பங்கு அறுத்து, பின்பு கீழிருந்து மேல்நோக்கி வந்தார். உமி நிரப்பிய சாக்குகளைக் கல்லறைகளின்மேல் அடுக்கச் சொன்னார். தண்டைத் துண்டித்ததும் வேர்ப்பகுதி திடுமெனப் பின்னோக்கி எழுந்து குழியில் விழக்கூடும் என்று அந்தப் பக்கம் ஒருவரையும் நிற்கவிடவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்தோம். மரம் விழுந்த மறுநாளே நாங்கள் கவனித்த ஒன்று. மூன்று கல்லறைகளுள் ஒன்றன்மேல் கிடந்த சிறு கிளைகளை மட்டும் யாரோ கையரிவாளால் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். தலைமாட்டுச் சிலுவை வெளியே தெரியுமளவுக்குத்தான். அதற்குமேல் பெருங்கிளையை ஓர் ஆளால் அசைத்திருக்க முடியாது. ஆட்டுக்குத் தழை வெட்ட வந்தவர்களாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். என்ஜின் அண்ணன் கடைசியாக அந்தக் கல்லறைக்கு வந்தபோது ரம்பத்தை அணைத்தார். எஞ்சியிருந்த கிளையைக் கையாலேயே தூக்கலாம் என்று எங்களை அழைத்தார். தூக்கி அப்பால் வைத்த பிறகு சிலுவையில் எழுதியிருந்த பெயரை வாசித்தோம். 2021 மே என்றிருந்தது. அந்தக் கல்லறையை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். அவர் தோளிலிருந்த துண்டால் மரத்தூளைத் தட்டிவிட்டார். எங்களுள் ஒருவர் 'நித்திய இளைப்பாற்றி'யைத் தொடங்கினார், குரல் எழவில்லை, அவரே எடுத்து முடித்தார்.

நவம்பர் 2ஆம் நாள் மாலை கல்லறை மந்திரிப்புக்கு மழை வழிவிட்டது. மரத்தூள் ஈரத்தில் ஊறி மஞ்சளாகக் கிடந்த பாதையில் மக்கள் மெழுகுதிரிகளோடு நடந்தார்கள்.

மறுநாள் மிஷினை எடுத்துவைக்கும் வேலை. சங்கிலியைக் கழற்றித் துடைத்து ஆயில் தடவி டின்னில் இட்டார். தொட்டியில் மிஞ்சியிருந்ததை ஒரு புட்டியில் வடித்தார். பிறகு என்ஜினைக் கிளப்பி, கார்புரேட்டரில் இருந்த கடைசிச் சொட்டும் தீர்ந்து அது தானே விக்கி அணையும்வரை காத்து நின்றார். புதுச் சாக்கில் சுற்றிச் சப்பரத்திற்குப் பின்னால் அதே இடத்தில் வைத்தோம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். "கோயில் சாமான் கோயில்ல இருக்கட்டும்" என்றுவிட்டார்.

புட்டியில் ஏறக்குறைய அரை லிட்டர் இருந்தது. அவருடைய பழைய டி.வி.எஸ். 50 வெளியே நின்றது. அதுவும் ஆயில் கலந்து ஓடும் வண்டிதான். புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை வண்டியில ஊத்திக்கலாமா?"

ஊற்றிக்கொள்ளுங்கள் என்று நால்வரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஊற்றினார். மூடியைத் திருகினார். கிளம்பி ஒரு கெஜம் போனவர் காலை ஊன்றி நின்று, "அரை லிட்டர்" என்றார். "கணக்குல எழுதிக்குங்க."

அவர் சிரித்தாரா என்பது தலைக்கவசத்துக்குள் தெரியவில்லை.